உப்புத் தோலும் உறைச் சூப்பும்

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில், பச்சைத்தோல் கிடங்குக்கு இன்பசேகரன் பொறுப்பாளர். ஆட்டுத்தோல் வந்து இறங்கியதும் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, உப்பிட்டு அடுக்கச் சொல்வது அவர் வேலை. கல்யாணமான நாள்தொட்டு உப்போடு பழகியவர். ஆகையால், உப்பினால் தீராத சிக்கல் உலகில் இல்லை என்று நம்புகிறவர். தம் உடல் எடையைப் பற்றி அவர் ஒருபோதும் கவலைப்பட்டதில்லை. அந்தப் பொறுப்பை அவர் தம் இடைவாரிடம் ஒப்படைத்திருந்தார்.

அவர் மனைவி கிரேஸி தொடக்கப்பள்ளி ஆசிரியை. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துபோனதால், வாரத்திற்கு மூன்று முறை வேலூருக்குப் பேருந்தில் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். மாற்றுச் சிறுநீரகம் கொடுக்கலாமென்றால், மகன் ஜோவினின் இரத்தப் பிரிவு தாயினுடையதோடு பொருந்தவில்லை, இன்பசேகரனுடையது பொருந்தியது. ஆனால், வேலூர் மருத்துவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பக்கவாட்டில் பார்க்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"சார், உங்க கிட்னி நல்லா இருக்கு. நீங்கதான் ஜாஸ்தியா இருக்கீங்க. பன்னெண்டு கிலோ கொறைச்சிட்டு வாங்க. பிரஷரும் ஏறக்கூடாது. அப்பதான் உங்கள டோனரா எடுத்துக்க முடியும்."

"எப்படிங்கம்மா கொறைக்கறது?"

"வீட்டுச் சாப்பாடு. இப்ப சாப்புடறதுல பாதி. தெனம் நடங்க. அவ்ளோதான்."

மூன்றே வாக்கியங்களில் முடிந்துவிட்ட அறிவுரையை, வாழ்க்கையில் எத்தனையோ நீண்ட பிரசங்கங்களைக் கேட்டுத் தேறிய ஒருவர் எப்படி மதிப்பார்? மருத்துவர் ஏதோ அவசரத்தில் இருந்ததாக எண்ணிக்கொண்டு, இன்பசேகரன் ஜெயப்பிரகாஷைத் தேடிப் போனார்.

ஜெயப்பிரகாஷ் முன்பு ஆயுள் காப்பீடு விற்றவர்; இப்போது ஆயுளையே விற்கிறார். புறவழிச்சாலை ஓரத்தில், "நல்வாழ்வு மையம்" என்ற பெயர்ப்பலகையின்கீழ், எடை குறைக்கும் மாவு டப்பாக்களின் நடுவே அமர்ந்திருப்பார். மறுநாளே ஒரு டப்பாவுடன் வீட்டிற்கு வந்துவிட்டார்.

"காலைல இன்னா சாப்புடறீங்கண்ணே?"

"நாலு இட்லி. சட்னி."

"இட்லியா!" ஜெயப்பிரகாஷின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "ஃபுல்லா மாவுண்ணே அது! நம்ம பவுடரு நேச்சுரல். அப்படியே செடிலேர்ந்து வருது."

"எந்தச் செடி தம்பி?" என்று உள்ளிருந்து கிரேஸியின் குரல் கேட்டது.

"அது… பல செடிங்க அக்கா."

"டப்பால குக்கீஸ் அண்டு கிரீம்னு போட்டிருக்கே. அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தணுமா, பால் ஊத்தணுமா?"

இன்பசேகரன் மனைவியின் அறியாமையைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையலறை இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. கீழ்த்தட்டு கிரேஸியினுடையது: அரிசி, பீன்ஸ், கோவைக்காய், முட்டை. உப்பு ஜாடி மட்டும் மருத்துவரின் ஆணைப்படி அங்கிருந்து நாடு கடத்தப்பட்டிருந்தது. மேல்தட்டில் இன்பசேகரனின் எளிய உணவுகள் குடியேறின: காலைக்கு மாவு, நடுப்பகலுக்குச் சிறுதானிய நூடுல்ஸ், இடையிடையே எண்ணெயில் பொரிக்காத சிப்ஸ், மனச்சோர்வு வந்தால் டயட் மிக்சர். ஜோவின் பெங்களூரிலிருந்து கைப்பேசியைத் தடவினால் போதும். ஒரு பெட்டி வந்து வாசலில் நிற்கும். ஒவ்வோர் உறையின் மீதும் ஒரு பச்சை இலை. சிலவற்றில் வயலும் உழவரும்கூட இருந்தார்கள். கோவைக்காய் உண்மையாகவே வேலியில் காய்ப்பதால், "இயற்கை" என்று அதன்மேல் அச்சிடவேண்டும் என எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே, இன்பசேகரன் அதை நம்பவில்லை.

"முன்னாடி படிச்சீங்க, சரி. பின்னாடி திருப்பியும் படிங்களேன்" என்றார் கிரேஸி.

"பின்னாடி எழுத்து ரொம்பப் பொடியா இருக்குது."

"ஏன் பொடியா போட்டிருக்காங்கன்னு யோசிச்சீங்களா?"

"எடம் பத்தல."

சனிக்கிழமைதோறும் தொழிற்சாலை நண்பர்களோடு பிரியாணி சாப்பிடும் வழக்கத்தையும் அவர் துறந்தார். அதற்கு ஈடாக, வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் பிரியாணியாகிவிடும் கோப்பை ஒன்றை வாங்கினார். ஆம்பூருக்குள் பிரியாணியை வெந்நீரில் கரைத்த செய்தி வெளியே தெரிந்திருந்தால், அவர் எடை குறைவதற்கு முன் ஊரைவிட்டே குறைந்திருப்பார். நல்லவேளையாக, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்.

இவற்றுக்கெல்லாம் மகுடம், உறைச் சூப்பு. பொடியைக் கோப்பையில் கொட்டி வெந்நீர் ஊற்றினால் போதும். நாள்தோறும் மூன்று கோப்பைகள். அதன் உவர்ப்பைக் கண்டு அவர் அஞ்சவில்லை. அந்த உவர்ப்புக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார். கிடங்கில் உடன் வேலை பார்க்கும் தன்சீல் அகமதுவிடம் அதன் தத்துவத்தை விளக்கவும் செய்தார்.

"இன்னா தோஸ்து, வாசனையே உப்புக் கரிக்குது?" என்று தன்சீல்தான் தொடங்கினார்.

"கரிக்கணும் பாய். பச்சத்தோலுக்கு உப்புப் போட்டா இன்னா ஆவுது?"

"தண்ணி வுடும்."

"எடை?"

"கம்மியாவும்."

"அவ்ளோதான் மேட்டரு. ஆட்டுக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயமா?"

தன்சீல் அடுக்கிலிருந்த ஒரு தோலைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, அந்த ஆடு செத்துப்போச்சில்ல?"

இத்தகைய சில்லறைத் தடைகளுக்கெல்லாம் அறிவியல் நின்று பதில் சொல்வதில்லை. இன்பசேகரன் கோப்பையைக் கவிழ்த்துக் குடித்து முடித்தார்.

இரண்டு மாதங்கள் கழித்து வேலூரில் எடை பார்த்தார்கள். பன்னிரண்டு கிலோ குறையவேண்டியவர் இரண்டு கிலோ கூடியிருந்தார். கணுக்கால்கள் வீங்கி, காலுறையின் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. இரத்த அழுத்தம் பார்த்த செவிலியர் கருவியின் மேல் சந்தேகப்பட்டு, வேறொன்றைக் கொண்டுவந்து மறுபடியும் பார்த்தார். கருவிகள் இரண்டும் ஒற்றுமையாக இருந்தன.

"இன்னா சார் சாப்புட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

இன்பசேகரன் பையிலிருந்து சூப்பு உறையைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் பச்சை இலையைப் பார்க்கவில்லை; நேரே பின்பக்கத்தைத் திருப்பினார். நாகரிகமற்ற பழக்கம்.

"மூணு கப்புலயே ஒரு நாளைக்கு வேண்டிய உப்புக்கு மேல உள்ள போயிருக்கு சார். மத்த பாக்கெட்டெல்லாம் தனிக் கணக்கு."

தோல் தத்துவத்தை இன்பசேகரன் தணிந்த குரலில் எடுத்துரைத்தார்.

"உயிரோட இருக்கற ஒடம்பு உப்பக் கரைக்கறதுக்குத் தண்ணிய இழுத்து வெச்சிக்கும். நீங்க உயிரோடதான இருக்கீங்க?" என்ற மருத்துவர், சிரிக்காமல் தொடர்ந்தார். "இந்தப் பிரஷரோட உங்க கிட்னிய எடுத்தா, பக்கத்து டயாலிசிஸ் பெட்ல நீங்க படுக்கணும். அடுத்த தடவையும் இப்படியே வந்தா, உங்கள விட்டுடுவோம். இவங்க பேரு வெளி டோனருக்காகக் காத்திருக்கற வரிசைல போவும். அது வருசக்கணக்குல ஆவும்."

ஊர் திரும்பும் பேருந்து பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்றபோது கிரேஸி கேட்டார்:

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க எளைக்கறதுக்கு வழி பாக்கறீங்களா, தப்பிக்கறதுக்கா?"

"இன்னா பேச்சு கிரேஸி இது?"

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா சூப்புக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்காதீங்க. கேவலமா இருக்குது."

இன்பசேகரன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோலில் எங்கே கத்தி பட்டிருக்கிறது என்பதைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பது அவருக்கு அன்றாட வேலை. தம் தோலில் கத்தி படப்போவதை நினைத்தால் மட்டும் அவர் கை தானாகச் சிப்ஸ் உறையைத் தேடியது. உறைகள் தீரத் தீர, "என்னால் ஆனதைச் செய்தேன்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவருக்கு வளர்ந்துகொண்டே வந்தது. அது அவருக்கே தெரிந்திருந்ததா என்பதை மாதனூர் தாண்டும்வரை அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் மாவு டப்பாவைத் திறக்கவில்லை. கிரேஸியின் அருகில் வந்து தட்டை நீட்டினார். கிரேஸி இரண்டு இட்லி வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நடுப்பகலுக்கு, வேகவைத்து நீரை வடித்த பீன்சும் கொஞ்சம் சோறும் முட்டையும் டப்பாவில் போயின.

"இதுல இன்னாமோ கொறையுதே" என்றார் இன்பசேகரன், மாலையில்.

"ருசி. மூணு வருசமா எனக்கும் அதுதான் கொறையுது."

அதற்குப்பின் அவர் குறை சொல்லவில்லை. பீன்சை நறுக்கக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் பீன்சோடு விரலையும் நறுக்கினார். கிடங்குக்கு நடந்து போனார். பசி வந்தபோது பசிதான் வந்திருக்கிறது என்பதை, நெடுநாள்களுக்குப் பிறகு, அடையாளம் கண்டுகொண்டார். சனிக்கிழமைகளில் தன்சீல் ஒரே ஒரு கரண்டி பிரியாணி வைப்பார்.

"இன்னொரு கரண்டி வெக்கட்டாண்ணே?"

"வாணாம் பாய்."

"உண்மையாவே வாணாமா, மரியாதைக்கு வாணாமா?"

"உண்மையா வேணும். அதனாலதான் வாணாம்."

வாடிக்கை குறைந்த கவலையில் ஜெயப்பிரகாஷ் ஒருநாள் நேரில் வந்தார். "டக்குனு நிறுத்தினா ஒடம்பு பேஜாராயிடும்ணே!"

"தம்பி, நீங்க காலைல அந்தப் பவுடருதான் குடிக்கறீங்களா?" என்று கிரேஸி அன்போடு விசாரித்தார்.

"நமக்கு அது கேஸ் புடிக்குதுக்கா. நமக்குப் பூரிதான்."

அந்த நேர்மையைப் பாராட்டி, கிரேஸி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்.

எடை குறைந்தது. அரசு அலுவலகக் கோப்பு நகரும் வேகத்தில்தான் குறைந்தது. ஆனாலும், நகர்ந்த கோப்பு திரும்பிப் போகவில்லை. கணுக்கால் வீக்கம் வடிந்தது. ஆறாம் மாதம் மருத்துவர் எடையைப் பார்த்தார், அழுத்தத்தைப் பார்த்தார், தலையசைத்தார். சோதனைகள் எல்லாம் முடிந்தபின், ஆலோசகர் மோகனா இன்பசேகரனை மட்டும் தனியறைக்கு அழைத்தார். உறுப்புக் கொடுப்பவரிடம் உறவினர் இல்லாதபோது பேசவேண்டும் என்பது அங்குள்ள முறை.

"சார், இது நமக்குள்ள. உங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லலாம். நீங்க பொருந்தலன்னு மட்டும் வீட்ல சொல்லிடுவோம். என்ன காரணம்னு யாருக்கும் தெரியாது."

முதல் இரண்டு மாதங்கள் நூடுல்சிலும் மிக்சரிலும் அவர் துழாவித் தேடிய கதவு, மின்விசிறியின்கீழ், மிக மரியாதையாகத் திறந்து நின்றது. உள்ளே போகச் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. இன்பசேகரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"பயமா இருக்குதும்மா."

"பயப்படாத டோனர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல சார்."

"பயத்தோடவே குடுக்கலாமா?"

"குடுக்கலாம்."

"அப்ப எழுதிக்குங்க."

வெளியே, கிரேஸி பையை மடியில் வைத்துக்கொண்டு நீள்இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தவர் அதில் எதையும் படிக்க முடியாமல் கேட்டார்:

"இவ்ளோ நேரம் இன்னா கேட்டாங்க?"

"இன்னா சாப்புடறேன்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நீ சாப்புடறததான் நானும் சாப்புடறேன்னு சொன்னேன்."

கிரேஸி அவரை உற்றுப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. எனினும் நகர்ந்து, பக்கத்தில் உட்கார இடம் விட்டார். அந்த இடம் இப்போது அவருக்குப் போதுமானதாக இருந்தது.