பாக்கியம் அக்காவும் இரண்டு படங்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டனிலிருந்து தொலைபேசி வந்தது. "மிஸ், அம்மா வெள்ளன போயிட்டாங்க" என்றாள் பாக்கியம் அக்காவின் மகள். எதிர்பார்த்த மரணம்தான்.

மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்ரே அறையில் நான் படம் எடுப்பவள்; அவர் சிற்றூழியர். அதற்கு முன் பல வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம், நெஞ்சுப் படம் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் "மூச்சை எடுத்துப் பிடியுங்கோ" என்றேன். அவர் இரண்டு கையாலும் இயந்திரத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். படம் கலங்கிப்போனது. பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று, "தண்ணிக்குள்ள முங்குற மாதிரி மூச்ச அடக்கிக்குங்க. வெளங்குச்சுங்களா?" என்றார். அடுத்த படம் தெளிவாக வந்தது.

நான் மறக்க முடியாதது லிந்துலையிலிருந்து வந்த முத்துலெட்சுமியின் விஷயம். மார்பில் புற்றுநோய்க்குச் சத்திர சிகிச்சை முடிந்திருந்தது. கண்டியில் எடுத்த எலும்பு ஸ்கேனில் இடப்பக்க விலா எலும்பொன்றில் ஒரு கறுப்புப் புள்ளி. நோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. அப்படியானால் குணமாக்கும் சிகிச்சைக்கு இடமில்லை. வலியைக் குறைக்கத்தான் மருந்து. முத்துலெட்சுமி தன் இரண்டு பிள்ளைகளையும் வட்டகொடையிலிருந்த தங்கையிடம் விடுவது பற்றி ஏற்கனவே பேசத் தொடங்கியிருந்தார்.

எலும்பில் எங்கே வேலை மும்முரமாக நடக்கிறது என்பதை அந்த ஸ்கேன் காட்டும். ஏன் என்று காட்டாது. புற்றுநோய் பரவினாலும் அந்த இடம் கறுக்கும், முறிந்த எலும்பு பொருந்தினாலும் கறுக்கும். அதனால் எங்கள் ஆஸ்பத்திரி டொக்டர் சிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்லியிருந்தார். இரண்டு படங்களையும் எங்கள் அறை வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அதே இடத்தில் சிடியில் மெல்லிய தடிப்பொன்று தெரிந்தது. பழைய முறிவாக இருக்கலாம். ஆனால் எப்போதாவது அடிபட்டதா என்று தெரிய வேண்டும் என்றார்.

நான் போய், முந்தி ஏதும் விபத்து நடந்ததோ என்று கேட்டேன். இல்லை என்று முத்துலெட்சுமி தலையசைத்தார். நோய் பரவியதென்று எழுத டொக்டர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் பாக்கியம் அக்கா. வாங்குப் பலகையில் இருந்த முத்துலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, போன மழையில் மலையில் எங்கேயாவது சறுக்கினாரா என்று கேட்டார்.

"சறுக்குனேன். கூடையோட கல்லுல போய் விழுந்தேன். மூணு வாரம் இந்தப் பக்கம் படுக்க முடியல" என்று முத்துலெட்சுமி இடது விலாவைத் தொட்டுக் காட்டினார். விபத்து என்றால் லொறி மோதுவது என்று அவர் நினைத்திருந்தார்.

இரண்டு படங்களோடு அந்த வார்த்தையும் சேர்ந்த பிறகுதான் டொக்டர், பழைய முறிவு என்று எழுதினார். குணமாக்கும் சிகிச்சை தொடர்ந்தது. சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் அந்தக் கறுப்பு மங்கியிருந்தது. பிள்ளைகள் லிந்துலையிலேயே வளர்ந்தார்கள்.

ஓய்வு பெற்ற பின் பாக்கியம் அக்காவுக்கே நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் வந்தது. மகன் சென்னைக்குக் கூட்டிப்போனான். நாங்கள் அன்று கண்ணால் சேர்த்துப் பார்த்தது போன்ற இரண்டு படங்களையும் அங்கே ஒரே இயந்திரம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கொடுத்தது. சிகிச்சைக்குப் பிறகும் கழுத்துக் கட்டி சுருங்கியும் சுருங்காமலும் நின்றது. ஆனால் நோய் உயிரோடிருந்தால் தெரியும் ஒளிர்வு அதில் இல்லை. "கட்டி இருக்காம், உசிரு இல்லையாம். சும்மா கெடந்துட்டுப் போவட்டும் மிஸ்" என்று தொலைபேசியில் சிரித்தார்.

இரண்டு வருடம் நன்றாகவே இருந்தார். பிறகு எடுத்த படத்தைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். வயிற்றிலும் முதுகெலும்பிலும் பல இடங்கள் ஒளிர்ந்தன. நான் புதிய மருந்துகள், வேறு வைத்தியர்கள் என்று பேசிக்கொண்டே போனேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "சுத்தி வளைக்காதீங்க மிஸ். எத்தன பேருக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கேன். எனக்கு நீங்க சொல்லுங்க."

சொன்னேன். எந்தெந்த இடம் என்று விரலால் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"எத்தன நாளுன்னு படத்துல தெரியுமா?"

"தெரியாது அக்கா."

"அப்ப அத விடுங்க" என்று எழுந்து, தேநீர் ஊற்றக் குசினிக்குள் போனார்.

இன்று நான் வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறேன். வருகிறவர்களுக்கு எதையாவது சொல்ல வேண்டி வந்தால், கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லி முடித்து, "வெளங்குச்சுங்களா?" என்று கேட்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரி மலையகப் பேச்சில் இப்படிக் கேட்பதைப் புதிதாக வந்தவர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். அது பாக்கியம் அக்காவின் சொல்.