சொதியும் ஐம்பது நிமிட விமானமும்

ஜெனீவா ஆஸ்பத்திரியில் இருந்த அக்கா, "தம்பி, நீ வைக்கிற சொதி குடிக்கோணும் போலக் கிடக்கு" என்று போனில் கேட்டார். நான் இருக்கும் வின்டர்தூரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். சூரிச்சிலிருந்து விமானத்தில் ஐம்பது நிமிடம்தான். அன்றே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்து ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டேன்.

விமான நிலையச் சோதனையில், திரவம் கொண்டுபோகக் கூடாதென்று சொதிப் போத்தலைக் குப்பையில் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு விமானம் ஏறினேன். வரிசையும் காத்திருப்புமாக, ரயிலை விடப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன்.

"சொதி எங்கையடா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அவசரத்திலை மறந்திட்டன், அக்கா."

"பரவாயில்லை. நீ வந்தியே, அது காணும்."

அடுத்த கிழமை சொதியோடு ரயிலில் போனேன். அக்காவால் விழுங்க முடியவில்லை. அன்று நான் மறக்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரது உதட்டைத் துடைத்துவிட்டேன்.