கண்ட்ரோலும் எஸ்ஸும்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் செங்கம் சாலையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்தபடி, நான் கண்ணால் பார்த்தேயிராத வெளியூர்க் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் வழியாக வரும் இணைப்பு நினைத்தபோது அறுந்துபோகும். அறுந்தாலும் வேலை அந்தப் பக்கம் அப்படியே காத்திருக்கும்படி ஒரு மென்பொருள் உண்டு. ஒரே கருப்புத் திரையை நான்கைந்து ஜன்னல்களாகவும் அது பிரித்துக் காட்டும்.

அதை என் இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதுதான் எனக்கு வேலையைவிடப் பிடித்த வேலை. ஜன்னல் தாவ ஒரு விசை, பிரிக்க ஒரு விசை. எதைச் செய்வதென்றாலும் முதலில் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்காக அந்த விசைகளின் பழைய வேலையை முடக்கினேன். பழைய வேலை என்ன என்பதே பிறகு மறந்துபோனது. மவுஸைத் தேடி மேஜையைத் தடவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவ்வளவு திமிர்.

மாமனாருக்கு மட்டும் நான் செய்வது வேலை என்று கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் இருந்து ரிடையர் ஆனவர். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பாத உத்தியோகம் அவருக்கு உத்தியோகமே இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு பௌர்ணமியன்று காலையில் தானாகவே வந்து நின்றார்.

"மாப்ள, நம்ம சிநேகிதர் லாட்ஜ்ல ரூம் பதியுற கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவாம். அதுவும் உங்களுது மாதிரி கருப்புல எழுத்து ஓடுற மிஷின்தான். எங்க மாப்ள வந்து பாத்துடுவாருன்னு சொல்லிட்டேன்."

கிரிவலத்துக்கு வந்தவர்கள் பைகளோடு லாட்ஜ் வாசல்வரை நின்றிருந்தார்கள். "எங்க மாப்ள. கம்ப்யூட்டர் இஞ்சினியர்" என்று அவர்களுக்கும் கேட்கும்படி அறிமுகம் செய்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் விரல்கள் பழக்கத்தில் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்திவிட்டன.

திரை அப்படியே நின்றுவிட்டது. எதை அழுத்தினாலும் அசையவில்லை. "ரூம் இருக்கா இல்லையாங்க?" என்று ஒருவர் சத்தம் போட்டார். வேறு வழி தெரியாமல் சுவிட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி உயிர் வருவதற்கு அது வெகுநேரம் எடுத்துக்கொண்டது. வரிசையில் பாதிப் பேர் வேறு லாட்ஜைத் தேடிப் போய்விட்டார்கள்.

"கரண்ட் சரியில்ல போல" என்றார் மாமனார், சிநேகிதரிடம். தலைக்கு மேல் ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பொய்யே பேசாத மனிதர், எனக்காக அத்தனை பேர் முன்னால் பேசினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டார். "உங்க மிஷின்ல மட்டுந்தான் உங்களுக்கு வேல வருமா, மாப்ள?"

குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது உண்மையும்கூட. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். திரையை நிறுத்தி வைப்பதுதான் என் மிஷினில் நான் முடக்கியிருந்த அந்தப் பழைய வேலை. கண்ட்ரோலோடு க்யூவை ஒரு தடவை அழுத்தியிருந்தால் ஓடியிருக்கும்.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் மாமனாரிடம், "மாப்ள என்னா பண்றாருங்க?" என்று விசாரித்தார். வாயில் இருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு மாமனார் சொன்னார்.

"வீட்லதாங்க இருக்காரு."