பேர் வெட்டிய சொம்பு

தங்கை வீட்டுக்குப் போனால் தண்ணீரை அந்தப் பித்தளைச் சொம்பில்தான் கொண்டுவந்து தருவாள். பெரம்பலூரில் ஃபிரிட்ஜும் ஃபில்டரும் வைத்த வீடு. கண்ணாடி டம்ளர்கள் அடுக்கியிருக்கும். இருந்தும் எனக்கு மட்டும் சொம்பு. அதன் கழுத்துக்குக் கீழே அப்பத்தாவின் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பேரன் பேத்தி எடுத்துவிட்டேன், அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பத்தா, எங்கள் அப்பாவைப் பெற்றவள், அரியலூர்ப் பக்கம் ஊரார் காட்டில் கூலிக்குக் கடலை ஆய்ந்தே காலத்தை ஓட்டியவள். தாத்தா இளம் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஒற்றைப் பிள்ளையைத் தனியாக வளர்த்தாள். கல்லங்குறிச்சித் தேருக்குப் போன இடத்தில் தன் கூலியில் வாங்கியது அந்தச் சொம்பு. "எம் மவன் பேரு வேணாங்க, எம் பேரையே வெட்டுங்க" என்றாளாம் கடைக்காரரிடம். எழுதப் படிக்கத் தெரியாது. விரலால் தடவித்தான் தன் பேரைப் பார்ப்பாள்.

மூத்தவளான எனக்கு வேண்டுதல்படி குலதெய்வத்தின் பேர். அடுத்துப் பிறந்த தங்கைக்கு அப்பத்தா பேர். அங்கேதான் என் தலையெழுத்து கோணிக்கொண்டது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதனால் அம்மாவுக்கு அவள் 'பாப்பா'. அப்பாவுக்கோ பெற்றவள் பேரைச் சொல்லி அதட்ட நா எழாது, அதனால் 'ஆத்தா'. எழுபதுகளில் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் தெரு முழுக்கக் கேட்டது என் பேர் மட்டும்தான்.

கடலைக் காட்டிலிருந்து வந்து அப்பத்தா மடியை அவிழ்த்தால் முதல் கைக் கடலை தங்கைக்கு. "மொதல்ல எம் பேருக்காரி திங்கட்டும்." எனக்கும் அதே அளவு கிடைக்கும், ஆனால் இரண்டாவதாக. நானும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் அந்தப் பேரைச் சொல்லத் தடையில்லாத ஒரே ஆள் நான். "சோம்பேறிக் கழுத, இங்க வாடி" என்று பேரையும் சேர்த்துக் கத்துவேன். "என்னையத் திட்டுற மாதிரியே இருக்குடி" என்பாள் அப்பத்தா. அதற்காகத்தான் கத்தினேன்.

எண்பதுகளில் அப்பத்தா இறந்தாள். கருமாதி முடிந்ததும் அப்பா சொம்பைத் தங்கை கையில் கொடுத்தார். பேரே வெட்டியிருக்கும்போது நான் என்ன சொல்லிக் கேட்பது?

போன மாதம் பொறுக்க முடியாமல் தங்கையிடமே கேட்டுவிட்டேன். "எனக்கு மட்டும் ஏன்டி இதுல குடுக்குற? கடுப்பேத்தவா?"

"ஆமாக்கா" என்றாள், சிரிக்காமல். "உனக்கென்ன, அம்மா கடைசி மூச்சு விடுறப்பகூட உன் பேரத்தான் சொல்லிச்சு. பக்கத்துல உக்காந்திருந்தது நானு. அப்பத்தா செத்து எத்தன வருசம், அப்பவும் நான் பாப்பாதான். பெத்தவ வாயால எம் பேர ஒரு தடவகூட கேட்டதில்லக்கா."

அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பை அவளிடம் கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, அவள் பேரைச் சொல்லி, "போயிட்டு வரேன்டி" என்றேன். திட்டாமல் அந்தப் பேரை நான் சொன்னது அன்றைக்குத்தான். அவள் கையிலிருந்த சொம்பின் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே நின்றாள், அப்படியே அப்பத்தா. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.