முதல் ஆயிரம் கிலோமீட்டர் யாருடையது?

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. குற்றம் என்னவென்றால், புதிதாக வாங்கிய கார் பெட்ரோலைக் குடித்தது.

லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று சொல்லி விற்றார்கள். டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். பாகாயத்திலிருந்து காட்பாடி வரை கார் பார்க்க ஆசைப்பட்ட உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்வந்தோம். நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி நிரப்பினேன். பதினைந்து லிட்டர் பிடித்தது. அதாவது... பதிமூன்று!

மீதி ஏழு கிலோமீட்டர் எங்கே போயிற்று?

பெங்களூரில் வேலை செய்யும் என் மகன், தொலைபேசியிலேயே தீர்ப்பை வாசித்துவிட்டான்.

"அம்மா கிளட்ச் மேல கால வெச்சிக்கினே ஓட்றாங்கப்பா. புது எஞ்சினு. முதல் அஞ்சாயிரம் கிலோமீட்டர் எந்தக் கையில பழகுதோ, அப்டியேதான் நிக்கும். கொஞ்ச நாளைக்கு நீங்களே ஓட்டுங்க."

என் துணைவியார் கஸ்தூரி ஐம்பத்தெட்டாம் வயதில் லைசென்ஸ் வாங்கியவர். முதல் முயற்சியிலேயே வாங்கியவர். எனக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. ஆயினும் மகன் சொன்ன அந்தத் தீர்ப்பு எனக்கு இனித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கஸ்தூரிக்கு அது சாதாரண விஷயமன்று. நெமிலியில் இருக்கும் அவருடைய தங்கைக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வியாழக்கிழமை தோறும் போய், பகல் முழுவதும் உடனிருந்து வர வேண்டும் என்பது அவர் விருப்பம். பேருந்தில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும். என்னுடன் காரில் போனால்? நான் ஒரு மணி நேரத்தில் எழுந்து, "கிளம்பலாமா?" என்பேன். அவருக்கு வேண்டியது கார் மட்டுமன்று. நான் இல்லாத கார்.

"பையன் பெங்களூர்ல குந்திக்கினு சொல்றான், நீங்களும் தலைய ஆட்றீங்க" என்றார் கஸ்தூரி. "முப்பத்தி நாலு வருஷம் தோல் கம்பெனில டிரையல் போட்டீங்க இல்ல? இதுக்கும் ஒண்ணு போடுங்க. யாருக்குக் கம்மியா வருதோ அவங்க சாவியக் குடுத்துடணும்."

நான் பணியாற்றியது ராணிப்பேட்டையில், தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றின் சோதனைப் பிரிவில். புதிய ரசாயனக் கலவை எது வந்தாலும், சிறிய டிரம்மில் போட்டுப் பார்த்து, நல்லது கெட்டது சொல்வது என் வேலை. பள்ளிப் படிப்பு எட்டோடு நின்றுபோனவன் நான். அளக்கக் கற்றதெல்லாம் அங்கேதான். அப்படிப்பட்டவனை டிரையலுக்கு அழைத்தால் மறுப்பேனா?

விதிகளை ஒரு தாளில் எழுதினேன். பாகாயத்திலிருந்து ஆம்பூர் போய்த் திரும்புவது ஒரு பயணம். ஆளுக்கு நான்கு பயணம். இருவருக்கும் ஒரே பங்க், ஒரே பம்ப், காலை ஏழு மணி. டயரில் ஒரே காற்று. ஏ.சி. கிடையாது. டிஸ்ப்ளேயில் தோன்றும் எண்ணுக்கு மதிப்பில்லை; ஊற்றி அளந்ததுதான் அளவு.

சாட்சியாக இக்பால் பாய் வந்தார். என்னோடு அதே தொழிற்சாலையில் தோல் தரம் பிரித்தவர். இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். எட்டுப் பயணத்திலும் பின்சீட்டில் அமர்ந்திருப்பது என்று ஏற்பாடு. எடை மாறக் கூடாதல்லவா?

"வெயிட்டு மாறக் கூடாதுன்னா என்ன பட்டினி போடுவியா தோஸ்த்?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

யார் முதலில் ஓட்டுவது? "நீயே ஓட்டு" என்று கஸ்தூரியிடம் சாவியை நீட்டினேன். அதில் ஒரு பெருந்தன்மை இருந்ததாகவே அப்போது நினைத்தேன்.

கஸ்தூரி, காருடன் வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்திருந்தார். புதிய எஞ்சினை விரட்டக் கூடாது, ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டக் கூடாது என்று அதில் இருந்ததாம். எழுபது, அறுபது, மறுபடி எழுபது... பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் எங்களைக் கடந்து போகாத லாரியே இல்லை.

"பாபி, இப்ப போனது மாட்டு வண்டியா?" என்றார் பாய். கஸ்தூரி அவருக்கு 'பாபி', அதாவது அண்ணி.

"அவசரம்னா நீங்க எறங்கி அதுல ஏறிக்கோங்க பாய்."

"வெயிட்டு கம்மியாயிடுமே! உன் வூட்டுக்காரன் வுடமாட்டான்."

நான்கு பயணம் முடிந்து, பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினோம். நாஸில் 'டக்' என்று தானாக நின்றதும், பங்க்காரர் வழக்கப்படி கேட்டார்: "சார், ரவுண்டா போட்டுடட்டுமா?"

"கைய எடுப்பா! டிரையல் நடக்குது!" என்று பின்சீட்டிலிருந்து பாய் போட்ட சத்தத்தில், பக்கத்துப் பம்ப்காரரும் கையை எடுத்துவிட்டார்.

கஸ்தூரிக்கு லிட்டருக்குப் பதினான்கு வந்தது.

பிறகு என் முறை. அதே சாலை, அதே காற்று, அதே பாய். நானும் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டே ஓட்டினேன் — என் வீரத்தை இரண்டொரு இடத்தில் மட்டும் காட்டினேன். எனக்கு வந்தது பதினைந்தரை.

பாய் நெஞ்சில் கை வைத்து அறிவித்தார்: "பாபி, மன்னிச்சிடு. ஒண்ணரை ஜாஸ்தி."

கஸ்தூரி வாதாடவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெற்றி இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து வந்த வியாழக்கிழமை, விடியற்காலையில் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பேருந்துக்குப் போனார். "நான் கொண்டுபோய் வுடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். நீங்க ஒரு மணி நேரத்துல எழுந்துப்பீங்க."

அன்றுதான் காருக்கு முதல் சர்வீஸ். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்திருந்தது. காட்பாடியில், வண்டியைப் பார்த்துக் குறிப்பெடுத்த பெண்ணுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "மைலேஜ் எப்டி சார் இருக்கு?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், நான்கு பயணம், ஒரே பம்ப், பின்சீட்டுச் சாட்சி என்று முழுவதையும் சொல்லி, பதினான்கையும் பதினைந்தரையையும் சற்று அழுத்தமாகவே சொன்னேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "முதல்ல யார் சார் ஓட்டினது?"

"அவங்கதான். நான் ரெண்டாவது."

"அப்ப உங்களுக்குத்தானே சார் ஜாஸ்தி வரும்!"

"ஏம்மா?"

"புது எஞ்சின் உள்ள எல்லாமே டைட்டா இருக்கும். ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு படியற வரைக்கும் பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்திதான் இழுக்கும். எவ்ளோன்னு கரெக்டா சொல்ல முடியாது, ஆனா ஓட ஓட மைலேஜ் ஏறும். மேடம் இளக்கிக் குடுத்திருக்காங்க, நீங்க ஓட்டியிருக்கீங்க. அவ்ளோதான் சார்."

அவ்வளவுதான்!

காத்திருப்போர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கார் லிஃப்டில் உயர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் வேறொன்று இறங்கியது.

சோதனைப் பிரிவில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு கலவைகளில் எது சிறந்தது என்று பார்க்க, ஒரு தோலை முதுகெலும்புக் கோட்டில் நேராக வெட்டி இரண்டாக்குவோம். இடப்பாதி பழைய கலவைக்கு. வலப்பாதி புதிய கலவைக்கு. இரண்டு பாதியும் ஒரே மாட்டினுடையவை. ஆகையால் வேறுபாடு தெரிந்தால் அது கலவையால் வந்த வேறுபாடு. வெவ்வேறு மாட்டின் தோல்களை வைத்து ஒப்பிட்டால்? மாட்டின் குணத்தைக் கலவையின் குணம் என்று எழுதி வைப்போம். அப்படிச் செய்தவர்களை நான் சும்மா விட்டதில்லை.

இருநூறாவது கிலோமீட்டரில் இருந்த எஞ்சினும் அறுநூறாவது கிலோமீட்டரில் இருந்த எஞ்சினும் ஒரே எஞ்சினா? பம்பைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன், பாயின் எடையைக்கூடப் பார்த்தேன். மாடு மாறிவிட்டதைப் பார்க்கவில்லை!

திரும்பும் வழியில் பாயின் வீட்டில் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"ரெண்டு மாட்டுத் தோல வெச்சி கம்பேர் பண்ணான்னு அந்த முனுசாமிய ஒரு வாரம் பேஜார் பண்ணியே தோஸ்த்! அவன் ஃபோன் நம்பர் என்கிட்ட இருக்குது... போடட்டா?"

"பாய், விளையாடாதீங்க. வீட்டுல இன்னா சொல்றது?"

சிரிப்பை நிறுத்தினார். "இன்னா சொல்வ? உள்ளத சொல்லு. மூணு பஸ் மாறி வருது அந்தப் பொம்பள."

யோசித்துப் பார்த்தால், இந்தப் பிழை காரோடு நிற்பதன்று. எங்கள் தொழிற்சாலையில் ஒரு மேனேஜர் மூன்று ஆண்டு ஒவ்வொரு டிரம்மாகச் சீர்செய்துவிட்டுக் கெட்ட பெயருடன் போனார். அடுத்து வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் உற்பத்தி பெருகியது. மாலை அவர் கழுத்தில் விழுந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். முந்தியவர் பட்ட பாடு பிந்தியவரின் திறமையாகக் கணக்கில் ஏறுவதை எத்தனை இடத்தில் பார்த்தும், என் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மாலை ஆறரைக்குக் கஸ்தூரி வந்தார். முகம் கழுவி, காப்பி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான்தான் ஜெயிச்சேனா?"

"இல்ல. யாரும் ஜெயிக்கல. டிரையலே செல்லாது."

"செல்லாதுன்னா... சாவி யாருது?"

இந்தக் கேள்விக்குச் சோதனைப் பிரிவில் எவரும் எனக்குப் பதில் கற்றுத் தரவில்லை. ஆனால் ஆர்வம் விடுமா? சரியான முறை எது என்று விளக்கத் தொடங்கினேன். ஒரே நாளில், போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் ஓட்ட வேண்டும். ஆனால் ஆம்பூர் நம் ஊரைவிட மேட்டில் இருக்கிறது, ஏறுகிறவருக்கு நஷ்டம். ஆகவே மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்று அடித்தால்...

கஸ்தூரி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க அளந்து முடிக்கறதுக்குள்ள என் தங்கச்சி கபடியே ஆடிடுவா."

நான் எழுந்து சாவியை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். "தப்பு என்னுதுதான்" என்றும் சொன்னேன். நாற்பதாண்டு இல்வாழ்க்கையில் அந்தச் சொற்களுக்கு என் வாய் அவ்வளவாகப் பழகியதில்லை. அவர் சாவியை வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"பையனுக்கு நீங்களே ஃபோன் பண்ணி சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன்.

இந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கஸ்தூரி தனியாக நெமிலிக்குக் கிளம்பினார். நான் கேட் வரை போய் நின்றேன். கிளட்ச் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலை இருட்டுவதற்குள் வந்துவிட்டார். தங்கை இப்போது முட்டியை மடக்குகிறாராம். கூடம் முழுவதும் இரண்டு முறை நடந்தாராம். பகல் முழுவதும் பேசியும் பேச்சு முடியவில்லையாம். அப்புறம் திடீரென்று சிரித்தார்.

"வண்டி சத்தம் கேட்டு தங்கச்சி வூட்டுக்காரரு வெளிய வந்தாரு. என்னப் பாத்தாரு, வண்டியச் சுத்தி ஒரு தரம் பாத்தாரு... உள்ள திரும்பி, 'டிரைவருக்கும் சேத்து ஒரு எல போடு'ன்னு சத்தம் குடுத்தாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. போட்டாங்க. ரெண்டு எலையிலயும் நானே சாப்ட்டேன்."