துப்பரவாக்கிய ஆறு

ஜெர்மனியில், ரைன் நதியில் போய் விழுகிற ஒரு சின்ன ஆற்றில் எனக்கு வேலை. சால்மன் குஞ்சுகளைப் பிடிப்போம். அளப்போம். அடையாளத்துக்கு வயிற்றுக்குள் அரிசி மணி அளவில் ஒரு சிப் வைத்து விடுவோம். இளவேனிலில் அவை கடலுக்கு இறங்கும்போது, எத்தனை உயிரோடு வருகுது என்று கீழே பொறி வைத்துப் பார்ப்போம். ஆராய்ச்சி ஒரு ஜெர்மன் பெண்ணுடையது. நான் வலை தூக்குகிறவன், முளை அடிக்கிறவன்.

அந்த ஆற்றை எப்போதோ நேராக்கி இரண்டு பக்கமும் கல்லுக் கட்டிவிட்டார்கள். குஞ்சுக்கு ஒளிக்க இடமில்லை. நீர்க்காகம் வந்து பொறுக்கித் தின்னும். அதற்காகத்தான் பாலத்துக்குக் கீழே செத்த மரங்களைக் கொப்போடு இறக்கி, முளை அடித்துக் கயிற்றால் கட்டினோம். இடுப்பளவு தண்ணீர். கால் விறைத்து மரக்கட்டையாகிவிடும். அங்கே குஞ்சுகள் தப்பினால் நகரசபை மேல் ஆற்றிலும் மரம் போடும். தப்பாவிட்டால் மேல் ஆறு வாய்க்காலாகவே கிடக்கும். அவ்வளவுதான் விசயம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நகரசபை ஆற்றங்கரையைத் துப்பரவாக்க ஆட்களைக் கூப்பிட்டது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோரும் போனார்கள். நான் போகவில்லை. அன்றிரவு பெருமழை. ஆறு பெருகியது.

மறுநாள் கோயிலில் பூசை முடிந்து வெளியே வர, பள்ளிக்கூடச் செயலாளர் கையைப் பிடித்தார்.

"தம்பி, உம்மடை ஆத்தை நேற்றுக் கழுவித் துடைச்சு விட்டிட்டம்."

"என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"ஜெர்மன்காரர் கரையிலை நாலு போத்தலைப் பொறுக்கிப்போட்டுக் கோப்பி குடிக்கப் போயிட்டினம். சிரமதானம் எண்டால் அதுவே? நாங்கள் ஊரிலை குளம் துப்பரவாக்கின ஆக்கள். உள்ளுக்கை இறங்கி, கயிறெல்லாம் வெட்டி, அவ்வளவு மரத்தையும் இழுத்து எறிஞ்சம்."

"அந்த மரம் நாங்கள் கட்டினது."

"குப்பையைக் கட்டி வைக்கவோ சம்பளம் தாறாங்கள்?"

"அது மீன்குஞ்சு இருக்கிற இடம்."

"வாடகைக்கோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நடந்துவிட்டேன். நின்றிருந்தால் கோயில் வாசலில் தூசணம்தான் பேசியிருப்பேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். வெறும் தண்ணீர். இழுத்துப் போட்ட மரங்களையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. கல்லுக்கட்டில் நீர்க்காகங்கள் வரிசையாக இருந்தன. ஆராய்ச்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவ வேலை வண்டியின் பின்பக்கத்தில் குந்தித் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஏப்ரலில் பொறி கிட்டத்தட்ட வெறுமை. ஒவ்வொரு காலையும் அதைத் தூக்கி, இலையைத் தட்டிவிட்டுத் திரும்ப வைத்தேன்.

நகரசபை கையை விரித்தது. மரத்தை வெள்ளம்தான் கொண்டுபோனது, ஒரு வெள்ளத்துக்கு நிற்காத மரத்தை மேல் ஆற்றில் ஏன் போட வேண்டும் என்றது. கயிறு வெட்டினவர்களில் ஒருவர் நகரசபைக் கூட்டத்துக்கு வந்து சொன்னால் போதும் என்றா அவ. செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"வந்து சொல்லுங்கோ அண்ணை. தெரியாமல் செய்தது எண்டு சொல்லுங்கோ."

"ஏலாது. தமிழ் ஆக்களின்ரை பேர் கெட்டுப்போம்."

"குஞ்சு செத்துப்போச்சு."

"மீனுக்காக எங்களைக் காட்டிக் குடுப்பீரோ?"

"ஓம்."

தேத்தண்ணி வந்தது. குடிக்காமல் எழும்பினேன்.

கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். வெள்ளத்துக்கு முதலே எங்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள் கயிற்றை வெட்டி மரத்தை இழுத்து எறிந்துவிட்டார்கள், செயலாளர் தன் வாயால் என்னிடம் சொன்னார். அவருடைய பேரையும் சொன்னேன். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன். அந்த வருசக் கணக்கைச் சேர்ப்பதில்லை, பழைய இடத்தில் திரும்ப மரம் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. மேல் ஆறு காத்திருக்க வேண்டியதுதான்.

செயலாளர் இப்போது என்னைக் கண்டால் மற்றப் பக்கம் போவார். போகட்டும்.

இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப்பில் நான் ஒரு செய்தி போட்டேன். "சனிக்கிழமை ஆத்திலை சிரமதானம். மரம் கட்ட வேணும். கத்தி கொண்டு வர வேண்டாம்."

எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. சனிக்கிழமை நானும் அவவும்தான் தண்ணீருக்குள் இறங்கினோம். முளையை அவ பிடிக்க நான் அடித்தேன். தேவைக்கு மேலே அடித்தேன்.