எறும்பு கடித்த மாதிரி

பல் டாக்டர் வேலையில் பாதி ஊசி, பாதி பொய். ஊசியைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். பொய்யை நானே கற்றுக்கொண்டேன்: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." கொடைக்கானலில் நாற்பது வருடமாக இதைத்தான் சொல்லிவந்தேன்.

என் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர்களே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் வரை அந்த ஊசியை நான் போட்டுக்கொண்டதே இல்லை. பயம். மாணவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுப் பழகிய அன்று காய்ச்சல் என்று சொல்லி விடுதியில் படுத்துவிட்டேன். ஆறு மாதமாக என் கடைவாய்ப் பல் குடைந்துகொண்டிருந்தது. கிராம்பை அதக்கிக்கொண்டு அடுத்தவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தது நர்ஸ் செல்வராணிக்கு மட்டும்.

அக்குள் வைத்தியம்

மார்கழியில் எங்கள் ஊரில் மரத்துப்போகும் மருந்தும் ஐஸாகிவிடும். சில்லென்று ஏறினால் கூடுதலாக வலிக்குமாம். கேள்விப்பட்டதுதான். அதனால் மருந்து அடைத்த, விரல் நீளமுள்ள கண்ணாடிக் குழலை ஸ்வெட்டருக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிச் சூடு பண்ணுவேன். நாற்பது வருடமாக இதுதான் என் தனித் திறமை என்ற நினைப்பு எனக்கு.

ஒருநாள், ரிட்டயரான டீச்சர் ஒருவர் நாற்காலியில் இருந்தார். குழலை அக்குளிலிருந்து உருவி, குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "காய்ச்சலோட ஏன் சார் வேலைக்கு வர்றீங்க? போய்ப் படுங்க. நான் அடுத்த வாரம் வர்றேன்."

கொள்ளுத்தாத்தா

சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த இளைஞன். வந்த இடத்தில் பல்வலி. துணைக்கு ஒரு நண்பன். வாயைத் திற என்றால் இளைஞன் போனைத் திறந்தான். "சார், இந்த ஊசிக்கு மூலம் கொகெய்ன்னு போட்டிருக்கே, நிஜமா?"

நிஜம்தான் என்றேன். முதலில் கண்ணுக்கு அதைச் சொட்டுவிட்டு ஆபரேஷன் செய்தார்கள். பிறகு பல்லுக்கு ஊசியாகப் போட்டார்கள். வலி போயிற்று. ஆனால் சோதித்துப் பார்த்த டாக்டர்களிலேயே சிலர் அதற்கு அடிமையாகிப் போனார்கள். அதனால், மரத்துப்போகும் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, போதையை விட்டுவிட்டு வேறு மருந்து செய்தார்கள். கொகெய்ன் கொள்ளுத்தாத்தா; என்னிடம் இருப்பது ஒழுக்கமான கொள்ளுப்பேரன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று மட்டும் பத்து நிமிடம் பேசினேன். ஊசியைத் தள்ளிப்போட எனக்கே ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ என்னவோ.

"இதுல கிக் எதுவும் வராதா சார்?"

"வராது. உதடு தொங்கும்."

நண்பன் பெருமூச்சு விட்டான். "இதுக்காடா இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தோம்?"

காதுகுத்து விருந்து

மேல்மலைக் கிராமத்தில் பூண்டு பயிரிடுகிறவர் முத்தையா. பல் வலித்தால் அவர் முதலில் என்னிடம் வரமாட்டார். பூண்டை நசுக்கி ஈறில் அப்பிக்கொள்வார். ஈறு வெந்த பிறகுதான் பஸ் ஏறுவார். அப்படி வந்தவருக்கு ஊசி போட்டு, ஒரு பல்லைப் பிடுங்கி, "மரப்பு போற வரைக்கும் எதையும் மெல்லாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னதை வெரசாகச் சொல்லிவிட்டேன். அது என் குணம்.

மறுநாள் கன்னம் வீங்கி வந்தார். உள்ளே பார்த்தால் கன்னச் சதை கடிபட்டுப் புண்ணாகிக் கிடந்தது. நேராக மச்சினன் வீட்டுக் காதுகுத்து விருந்துக்குப் போயிருக்கிறார். மரத்துக் கிடந்த கன்னத்தையும் கறியோடு சேர்த்து மென்றிருக்கிறார் என்று விளக்கினேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "கறியில உப்புத் தூக்கலா இருக்குன்னு சமையக்காரரை வஞ்சுபுட்டேனே சார். அது நாந்தானா?"

என் முறை

போன திங்கட்கிழமை என் கன்னமே வீங்கிவிட்டது. இந்த வருடம் எங்கள் கிளினிக்கில் சேர்ந்த டாக்டர் ரெபெக்கா வாயைப் பார்த்துவிட்டு, "சீழ் வச்சிருச்சு சார். இன்னைக்கே எடுக்கலைன்னா மதுரையில பெரிய ஆஸ்பத்திரிதான்" என்றார். செல்வராணி நாற்காலியைத் துடைத்தாள். "உக்காருங்க சார். உங்களுக்குத்தான் மொத டோக்கன்."

ரெபெக்கா மருந்துக் குழலை எடுத்தார். பிடுங்கி என் அக்குளில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"இன்னும் சூடாகலையா சார்? இந்நேரம் முட்டையே பொரிஞ்சிருக்கும்" என்றாள் செல்வராணி.

கொடுத்தேன். ஊசி இறங்கியது. அக்குள் சூடு எதற்கும் உதவவில்லை. நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம். முத்தையா மட்டும் போகவில்லை. அடுத்த பல்லோடு வந்திருந்தார். திரையை விலக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எறும்பு எறும்புன்னு சொன்னீங்களே சார், அது எந்த ஊரு எறும்பு?"

பல்லோடு சேர்ந்து பொய்யும் போய்விட்டதால், அன்றிலிருந்து "வலிக்கும், வாயைத் திறங்க" என்று மட்டும்தான் சொல்கிறேன்.